விலாவாரியாக ஒரு வலி

தமிழ்க் குடும்பத்தில் "நெஞ்சு வலிக்குது" என்று சொல்வதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். சொன்ன மறுநொடி வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஒன்று வாயுக் கட்சி, இன்னொன்று ஹார்ட் அட்டாக் கட்சி. திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் வாயுக் கட்சிக்கு அத்தை, அதாவது என் மாமியார், நிரந்தரத் தலைவி. ஹார்ட் அட்டாக் கட்சி என் கணவர் கையில். மூன்றாவது அணி அமைக்க நானும் பல வருஷமாக முயன்று பார்க்கிறேன், டெபாசிட் கிடைத்தபாடில்லை.

இத்தனைக்கும் வலி என்னுடையது. அது இருதயத்திலும் இல்லை, குடலிலும் இல்லை. விலா எலும்புகள் முன்னால் நெஞ்செலும்போடும் பின்னால் முதுகெலும்போடும் சேர்கிற இடங்களில் இருக்கிறது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். மூட்டுவாதத்தில் ஒரு வகை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டைப் போட்டு அடிக்கிற கூத்து. இடுப்பில் ஆரம்பித்து முதுகெலும்பு வழியாக ஏறி, போகிற போக்கில் விலாவையும் ஒரு கை பார்க்கும்.

பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். "எனக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் இருக்கு டீச்சர், கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து" என்று கழுத்தைத் திருப்பிக் காட்டுவார். பெரும்பாலும் அவருக்கு இருப்பது தேய்மானம், எனக்கு இருப்பது அழற்சி. அவருக்குப் படுத்தால் வலி குறையும், எனக்குப் படுத்தால்தான் கூடும். இதை விளக்கப் போனால் வகுப்பெடுக்கிறேன் என்பார்கள். பகலில் பள்ளியில் அதைச் செய்யத்தானே அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று, சாயங்கால வேளைகளில் சும்மா இருந்துவிடுவேன்.

மற்ற மூட்டு வலித்தால் அதற்கு லீவு கொடுக்கலாம். முழங்கால் வலித்தால் உட்காரலாம், மணிக்கட்டு வலித்தால் கணவரைத் துணி பிழியச் சொல்லலாம். விலாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 தடவை மூச்சு விடுகிறான். ஒவ்வொரு தடவையும் 24 விலா எலும்பும் கொஞ்சமாவது அசைந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உண்டா, பொங்கல் விடுமுறை உண்டா?

அத்தையின் கட்சிக் கொள்கை எளிமையானது. உடம்பில் இடுப்புக்கு மேல் கழுத்துக்குக் கீழ் எங்கே குத்தினாலும் அது வாயு. "உருளைக்கிழங்கு தின்னேல்லா, அதான்" என்பார். தின்னவில்லை என்றால் வாழைக்காய், அதுவும் இல்லை என்றால் போன வாரத்து மொச்சை. ஓமத் தண்ணீர் வரும், அதன் பின்னாலேயே சுக்கு வெந்நீர், பெருங்காயம் கரைத்த மோர் என்று வரிசை கட்டி நிற்கும். அவ்வளவையும் குடித்தால் வராத வாயுவும் வந்து சேரும். வந்ததும், "பாத்தியா, வெளிய வருது" என்று வெற்றிவிழா கொண்டாடுவார்.

கணவர் கட்சி வேறு மாதிரி. இதில் எங்கள் டாக்டருக்கும் பங்குண்டு. "நெஞ்சு வலியெல்லாம் விலாதான்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. இந்த மாதிரி அழற்சி இருக்கிறவங்களுக்கு இருதய நோய் வர வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினா, வேர்த்துக் கொட்டினா, மூச்சு வாங்கினா உடனே வந்துடணும்" என்று அவர் சொன்னதை இவர் மனப்பாடம் செய்துவிட்டார். நான் லேசாக நெஞ்சைத் தடவினால் போதும், கேள்வித்தாள் நீளும். "கை வலிக்குதா? தாடை? வேர்க்குதா?"

கத்திரி வெயிலில் திருநெல்வேலியில் வேர்க்காதவர் யார்? கேட்கிறவருக்கே சட்டை நனைந்திருக்கிறது. ஆனாலும் வண்டி கிளம்பிவிடும். ஆஸ்பத்திரி போகும் வழியில் வேகத்தடை ஒவ்வொன்றும் என் விலாவில் தன் வருகையைப் பதிவு செய்யும். அங்கே இசிஜி எடுப்பார்கள். டிராபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அதைச் சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றானதும் பணியிலிருக்கும் இளம் டாக்டர் நெஞ்செலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். "இங்கயா?" நான் அலறுவேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதிப் புன்னகை பரவும். அழுத்தினால் அதே வலி வருகிறதென்றால் அது சுவரில் இருக்கிற வலி, உள்ளே குடியிருக்கிறவருக்குச் சேதமில்லை என்று பெரும்பாலும் சொல்லலாமாம்.

ஒரு தடவை அந்தப் பரிசோதனைகளோடு எச்எல்ஏ-பி27 என்ற மரபணுப் பேச்சும் வந்தது. அதற்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவை 1973-இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கண்டுபிடித்தார்கள். அது இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதேயில்லை. இவ்வளவையும் நான் விளக்கியபோது அத்தை காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். "பரம்பரையா வருமாக்கும்? ஒங்க அம்மா வீட்டுலயா, அப்பா வீட்டுலயா?" எங்கிருந்து வந்தாலும் தன் வீட்டிலிருந்து வரவில்லை என்பதில் அவருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

எங்கள் வாதநோய் டாக்டரிடம் ஓர் இஞ்சி டேப் உண்டு. அதை நெஞ்சைச் சுற்றிப் போட்டு, மூச்சை முழுக்க விடச் சொல்லி ஓர் அளவு, முழுக்க இழுக்கச் சொல்லி ஓர் அளவு எடுப்பார். சாதாரணமாக இரண்டுக்கும் 5 சென்டிமீட்டராவது வித்தியாசம் இருக்கும். 2.5-க்குக் கீழே போனால் கவலை. நான் நடுவில் எங்கோ நிற்கிறேன். அதே மாதிரி டேப்போடு எங்கள் தெரு டெய்லர் அக்காவும் வருவார். "நல்லா மூச்சை இழுங்க டீச்சர், பெறவு பிளவுஸ் பிடிக்குதுன்னு வரக் கூடாது" என்பார். இழுத்துக்கொண்டு நிற்பேன். அவரும் டேப்பைப் பிடித்தபடி காத்து நிற்பார். "இழுங்க டீச்சர்." "இழுத்தாச்சுக்கா." என் பிளவுஸ்கள் எல்லாக் காலத்திலும் கச்சிதமாகப் பொருந்துவதன் ரகசியம் இதுதான்.

இருமல், கொட்டாவி எல்லாம் சமாளித்துவிடலாம். தும்மல்தான் எமன். அத்தை தாளிக்கும்போது மிளகாய் வத்தல் நெடி ஏறும். மூக்கின் உள்ளே ஓர் அறிவிப்பு வரும். அதற்குள் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும், அப்போது அதிர்வு குறையும். அணைத்துக்கொண்டு தும்மினால் அடுக்களையிலிருந்து "நூறு!" என்று ஆசி வரும். நூறு வயசு இருக்கட்டும், அடுத்த நிமிஷத்துக்கு உத்தரவாதம் யார் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பள்ளியில் தலையணைக்கு எங்கே போக? வருகைப் பதிவேட்டை அணைத்துக்கொள்கிறேன். அந்தப் பதிவேட்டின் மேல் டீச்சருக்கு அப்படி என்ன பாசம் என்று பத்தாம் வகுப்பில் ஓர் ஆராய்ச்சி நடப்பதாகக் கேள்வி.

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒன்று, பெயர் அடாலிமுமாப். விடியற்காலையில் விலா பிடித்துக்கொண்டு எழுப்பிவிடுவது அதற்குப் பிறகு நன்றாகவே குறைந்திருக்கிறது. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால் இட்லி மாவுக்கும் கருவேப்பிலைக்கும் நடுவே இடம் ஒதுக்கியிருக்கிறேன். இதில் ஒரு சிக்கல். முட்டைகூட நுழையாத சைவ ஃபிரிட்ஜ் அது. இந்த மருந்தோ சீன வெள்ளெலியின் சினைப்பை செல்களில் வளர்த்து எடுக்கிற சரக்கு. 1957-இல் எடுத்த செல்களின் வம்சம் இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. இந்த ரகசியத்தைக் கணவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உளறிவிட்டார். நான் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "எலிதான? பிள்ளையார் வாகனம்லா. வச்சிட்டுப் போட்டும்."

கணவர் எங்கோ நார்மன் கசின்ஸ் பற்றிப் படித்துவிட்டு வந்தார். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-இல் அவருக்கும் இதே நோய் என்று சொன்னார்கள். மனிதர் ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூக்கம் வந்ததாக எழுதினார். கூடவே வைட்டமின் சி-யை நரம்பு வழியே ஏராளமாக ஏற்றிக்கொண்டார். சிரிப்பு வைத்தியம் பேசுகிறவர்கள் இதை வசதியாக விட்டுவிடுவார்கள்.

அதே 1964-இல்தான் நம் ஊரில் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. கணவர் அதைப் போட்டார். நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்ததுமே எனக்கு விலா பிடித்துக்கொண்டது. கசின்ஸின் விலா வேறு கம்பெனித் தயாரிப்பாக இருக்க வேண்டும். சிரிக்கச் சிரிக்கக் கத்தி செருகுகிறது, கத்தியை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கண்ணில் நீர் வழிய "நிறுத்துங்க" என்று நான் கையைக் காட்ட, மருந்து வேலை செய்கிறது என்று அவர் சத்தத்தைக் கூட்டினார்.

அதன் பிறகு பாதுகாப்புக் கருதி அத்தையோடு சேர்ந்து அழுகை சீரியல் பார்ப்பது என்று முடிவானது. நேற்றுக் கதாநாயகியின் அப்பாவுக்கு நெஞ்சு வலி. இடது பக்கம் கையை வைத்து, டம்ளரைத் தவறவிட்டு, சோபா இருக்கிற திசையாகப் பார்த்துச் சாய்ந்தார். மூன்று தடவை மூன்று கோணத்தில் காட்டினார்கள். ஒருத்தர்கூட ஓமத் தண்ணீர் கொண்டுவரவில்லை. வேர்க்கிறதா என்று கேட்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும் இல்லை. டாக்டர் வந்து கண்ணாடியைக் கழற்றி, "24 மணி நேரம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. தலையணையை எட்டி எடுப்பதற்குள் வெடித்துவிட்டேன்.

அத்தை திரும்பி முறைத்தார். "ஒரு மனுசன் நெஞ்சு வலில துடிக்கான், ஒனக்குச் சிரிப்பு வருதாக்கும்?"