நான்காவது அடுப்பு

கூட்டுக் குடும்பம் என்னும் பழம்பெரும் ஸ்தாபனம் நம் தேசத்தில் க்ஷீணித்து வருவதைக் குறித்து விசனப்படாத பெரியவர்கள் இல்லை. தர்ம சாஸ்திரங்கள் அதைக் காப்பாற்ற முயன்று களைத்தன. வருமான வரிச் சட்டம் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கென்று தனி ஸ்தானம் கொடுத்துப் பார்த்தது. சினிமாக்காரர்கள் மாமியாரையும் மருமகளையும் கடைசி ரீலில் கட்டித் தழுவ வைத்துப் பார்த்தார்கள். இத்தனை பேராலும் ஆகாத காரியத்தை, வாலாஜாபேட்டையில் எங்கள் குடும்பத்தின் மட்டிலாவது, புதுக் கட்டடங்களுக்கு மின்சார இணைப்பு கொடுப்பது சம்பந்தமான விதி ஒன்று சில வருஷ காலம் சாதித்துக் காட்டியது. அதைக் கொண்டாட ஒருவரும் முன்வராததால், அந்தக் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது.

எங்கள் ஊர் விதிகளுக்குப் புதிதல்ல. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் இவ்வூரை நோக்கி, 1856-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தது; பத்து வருஷம் கழித்து, 1866-இல், நகராட்சியும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டின் மிகப் பழைய நகராட்சிகளுள் ஒன்று என்ற கௌரவம் எங்களுக்கு உண்டு; வெளியூர்ச் சம்பந்திகள் வந்திருக்கும்போது மட்டும் ‘ஒன்று’ என்பதை விட்டுவிட்டு ‘முதலாவது’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஆகவே, வீடு கட்டுகிறவனுக்கு விதி என்று ஒன்று உண்டு என்பது இவ்வூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

நான் பிரஸ்தாபிக்கும் விதி தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்னும் நீண்ட திருநாமம் கொண்ட தொகுப்பில், நிறைவுச் சான்றிதழைப் பற்றிப் பேசும் இடத்தில் இருக்கிறது. கட்டி முடித்த கட்டடம் அனுமதி பெற்ற வரைபடத்தின்படியே எழுந்திருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிக் காட்டினாலன்றி, மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய இணைப்புகள் கிடையா. ஆனால் சட்டம் சிறிய மனிதரிடத்தில் தயவுடையது: 12 மீட்டர் உயரத்துக்கும் மூன்று குடியிருப்புகளுக்கும் மிகாத வீட்டுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று விலக்களிக்கப்பட்டது. 750 சதுர மீட்டர் என்று ஓர் அளவும் அங்கே பேசப்பட்டது. அதை மூன்று குடியிருப்புகளோடு சேர்த்து வாசிப்பதா, பிரித்து வாசிப்பதா என்பதில் பண்டிதர்களிடையே அபிப்பிராய பேதம் இருந்தது. எங்களுக்கு வாய்த்த சர்வேயர், கடுமையான பாஷ்யத்தைப் பின்பற்றும் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர்.

தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்பதை, டேனரிகளின் நடுவே வாழும் எங்களுக்கு அவர் சற்று வியப்போடு எடுத்துச் சொன்னார். ஆயிரம் தோல்களை ஊறப்போடும் கூடத்துக்கு வேண்டாத சான்றிதழ், நாலு பேருக்கு ரசம் வைக்கும் ஓர் அடுப்புக்கு வேண்டியிருந்தது! ஆயினும் டேனரிக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கில்லை. கம்பியைக் கொடுக்கும் வேளையில் காட்டும் தாராளத்தை எடுக்கும் வேளையில் சர்க்கார் காட்டுவதில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33-ஏ பிரிவு, ஆலையின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளித்திருக்கிறது. வேலூர் ஜில்லாவின் தோல் கழிவைப் பற்றி 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்த நாளிலிருந்து, இந்தப் பிரதேசத்து முதலாளிகளுக்கு மீட்டர் பெட்டியைக் கண்டால் ஒரு தனி பயபக்தி உண்டு.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அண்ணன் கீழே, நான் நடுவே, தம்பி மேலே என்று மூன்று தளங்களும் மூன்று சமையலறைகளுமாக வீடு எழும்பியபோது, எங்கள் அத்தை தன் கோரிக்கையை வெளியிட்டாள். அத்தை சுத்த சைவம். மற்ற மூன்று அடுப்புகளிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் வறுபடுவது நிச்சயமாகையால், மொட்டை மாடியில் தனக்கென்று ஓர் அறையும், ஓர் ஓரத்தில் கும்மட்டி அடுப்பும் இருந்தால் போதும் என்றாள். பிறர் உபத்திரவம் இல்லாத, அடக்கமான ஆசை. சர்வேயரோ பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தங்குவதற்கும், சமைப்பதற்கும், குளிப்பு முதலியவற்றுக்கும் தனித்தனி வசதி இருந்தால் அது ஒரு குடியிருப்பு. ஆகவே அத்தையின் அறை அறையன்று, நான்காவது வீடு.

“அடுப்பு இருந்தா வீடு, அடுப்பு இல்லேன்னா ரூமா?” என்று அத்தை கேட்டாள்.

“ஆமாம்மா. அடுப்பை எடுத்துட்டீங்கன்னா ஸ்டோர் ரூம்னு போட்டுக் குடுத்துடறேன்.”

“நான் ஸ்டோர் ரூம்லயா இருக்கணும்?”

இதில் விசேஷம் என்னவென்றால், அத்தை மின்சாரத்தை ஒருநாளும் விரும்பியவள் அல்லள். விசிறியைக் கையால் வீசிக்கொள்பவள். கரி அடுப்பில் சமைக்க உத்தேசித்தவள். மின்சாரமே வேண்டாத ஒரு ஜீவனின் அடுப்பினால் மற்ற ஒன்பது பேருக்கும் மின்சாரத்துக்கு விக்கினம் வந்தது. முடிவில் தம்பியின் சமையலறை அத்தைக்கு அர்ப்பணமாக, தம்பி குடும்பத்தார் சாப்பாட்டுக்கு எங்கள் தளத்துக்கு இறங்கி வந்தார்கள். அவர்கள் எதிரே மீன் வறுத்துத் தாங்கள் மட்டும் சாப்பிட அண்ணிக்கு மனம் ஒப்பாததால் கீழ்த்தளமும் மேலேறி வந்தது. இவ்விதமாகப் பந்தியில் ஒன்பது இலை விழத் தொடங்கியது.

சட்டத்தின் வலது கை செய்வதை இடது கை குலைக்கப் பார்க்கும் என்பதற்கும் எங்கள் வீடே சாட்சி. 2016 மே மாதம் 23-ஆம் தேதி முதல், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம். மீட்டர் மூன்றானால் முந்நூறு. ஆனால் ஒரே குடும்பம் ஒரே வீட்டில் பல மீட்டர்களை மாட்டிக்கொண்டு சலுகையைப் பெருக்குவது கூடாதாகையால், தனித்தனிக் குடித்தனம் என்று காட்ட வேண்டும். அதற்குத் தனிச் சமையலறையைக் காட்டிலும் சிறந்த அத்தாட்சி எது? ஆகவே நாங்கள் சாப்பாட்டில் ஒன்றாகவும் மீட்டர்களில் மூன்றாகவும் இருந்து வந்தோம். ‘ஒன்றே பலவாய்’ என்னும் வேதாந்தக் கருத்து எனக்கு விளங்கியது அந்த நாட்களில்தான்.

இணைப்புக்கு மனுப் போட்ட பிறகு எர்த் குழி வெட்டும் வைபவம் நடந்தது. வயர்மேன் ஆளுயரத்துக்குக் குழி தோண்டி, குழாயை நட்டு, கரி ஒரு வரிசையும் கல்லுப்பு ஒரு வரிசையுமாகக் கொட்டிக்கொண்டே வந்தார். அத்தை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்பா, அடுப்புக்குக் கரி கேட்டா ஆகாதுன்னாங்க, இப்போ மூட்டை மூட்டையா மண்ணுல கொட்டறியே?”

“இது எர்த்துக்குப் பாட்டிம்மா. இது இல்லேன்னா சர்வீஸ் குடுக்க மாட்டாங்க.”

“கரி வெச்சாலும் குடுக்க மாட்டாங்க, வெக்காட்டாலும் குடுக்க மாட்டாங்க, நல்லாக்கீதுப்பா உங்க நியாயம்” என்றாள்.

மனு கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் இணைப்பு என்று 1910-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியிருந்தது. 2003-ஆம் வருஷத்துச் சட்டமும் அதையே திருப்பிச் சொல்லிற்று. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், 1,000 ரூபாய்க்கு மிகாமல், நஷ்டஈடு என்று தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது; அதாவது பதினோராவது நாள் முதற்கொண்டு தாமதம் இலவசம். எங்களுக்கு இணைப்பு தவணைக்குள்ளேயே வந்துவிட்டபடியால், இந்த ஆயிரத்தை நம்பி அண்ணன் போட்டுவைத்திருந்த திட்டங்கள் பாழாயின.

2024-ஆம் வருஷம் பிறந்தது. எங்கள் ஐக்கியத்துக்கு ஆபத்தும் பிறந்தது. மத்திய சர்க்கார் நகராட்சிப் பகுதிகளில் இணைப்புக்கான தவணையை 15 நாளிலிருந்து 7 நாளாகக் குறைத்தது. மாநில சர்க்காரோ 14 மீட்டர் உயரம், 750 சதுர மீட்டர் பரப்பு, எட்டுக் குடியிருப்புகள் வரைக்கும் நிறைவுச் சான்றிதழ் வேண்டாம் என்று விலக்கை விரித்துவிட்டது. பத்திரிகையில் அந்தச் செய்தியை அண்ணி உரக்க வாசித்தபோது பந்தியில் ஒருவரும் மோர் கேட்கவில்லை. எட்டில் மூன்று போக ஐந்து என்று தம்பி மனைவி மனத்துக்குள் கழித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் அன்று மாலையே சர்வேயரை அழைத்து வந்துவிட்டான்.

அவர் மொட்டை மாடியில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, “இனிமே தாராளமா அடுப்பு வெச்சிக்கலாம்மா” என்று அத்தையிடம் நல்ல வார்த்தை சொன்னார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆளுக்கொரு மீட்டர் வெச்சா, ஆளுக்கு நூறு யூனிட் சும்மா வருதாமே, நெசமா?”

“நெசந்தாம்மா.”

“அப்போ என் பேர்ல ஒண்ணு எழுதிக்கோ. அடுப்பு வேணாம். மருமகளே மூணு வேளையும் நல்லாத்தான் ஆக்கிப் போடறா.”

சர்வேயர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.