உபயம்: கடைக்காரர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் வாழும் நரை அணிலுக்கு 1988-லேயே சரணாலயம் கிடைத்துவிட்டது. 2021-இல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. அணிலுக்கு இன்னும் வாய்க்காதது ஒரு ஜவுளிக்கடையின் விளம்பர ஒப்பந்தம்தான். ராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகேயுள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரம் வரை மரம் வளர்க்கச் சொல்லும் பலகைகளில், மரத்தைவிடக் கடையின் பெயர்தான் செழித்து வளர்கிறது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் ‘உபயம்’ போல.

2019-இல் பாட்டா நிறுவனம் தன் பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியது. சண்டிகர் நுகர்வோர் மன்றம், சுற்றுச்சூழல் மேல் அவ்வளவு அக்கறை என்றால் பையை இலவசமாகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டது. விளம்பரத்தைச் சுமப்பவர் கூலி வாங்குவதுதானே உலக வழக்கம்? விலை வைத்தால்தான் பை குறையும் என்பார்கள். உண்மைதான், 2015-இல் இங்கிலாந்தில் பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்ததும் குறைந்தது. ஆனால் அங்கே அந்தக் காசை நற்பணிக்குத் தரும்படி அரசு கேட்டது, கணக்கும் கேட்டது. இங்கேயும் பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறதே என்பீர்கள். சட்டம் கேட்டுக் கொடுப்பதற்குக் கொடை என்று பெயர் வைத்தால், வருமான வரி கட்டும் குமாஸ்தாவும் பாரிவள்ளல்தான். எதையாவது செய்கிறார்களே என்றால், செய்யட்டும். பையில் கடை பெயருக்குப் பதில் அணில் படத்தைப் போட்டுச் செய்யட்டும்.