உலர்த்தல் இயல்

மூலிகை மருந்துக் குறிப்புகளில் ஓயாமல் திரும்ப வரும் கட்டளை ஒன்று உண்டு: நிழலில் உலர்த்திப் பொடி செய்க. எந்த நிழல், எத்தனை நாள், எவ்வளவு கனத்தில் பரப்புவது, எந்தப் பதத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இராது. எழுதிய வைத்தியருக்கும் படித்த மாணவருக்கும் அவை கைப்பழக்கம். இன்றோ இலை வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உலர்வதில்லை. டன் கணக்கில் களத்தில் காய்ந்து, மூட்டையாகி, கப்பலேறுகிறது. ஆகவே அந்தக் கட்டளைக்கு உரை எழுத வேண்டிய தேவை வந்திருக்கிறது. உலர்த்துவதை மருந்து செய்வதற்கு முந்திய எடுபிடி வேலையாகக் கருதுகிறோம். மருந்து உருவாகும் இடமே அதுதான் என்பது என் கட்சி.

பறித்த இலை உடனே சாவதில்லை. அதன் செல்கள் மணிக்கணக்கில் மூச்சு விடுகின்றன, இருப்பிலுள்ள சர்க்கரையை எரிக்கின்றன. அழுத்திக் கட்டிய இலை மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு தெரிவது இதனால்தான். நீர் வடிய வடிய செல்லின் உள்ளறைகள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே அடைபட்டிருந்த நொதியும் அந்த நொதி தாக்கக்கூடிய பொருளும் அப்போது ஒன்று கலக்கின்றன. பச்சை இலையில் முக்கால் பங்கு, பல இலைகளில் அதற்கும் மேல், தண்ணீர். காய்ந்த சரக்கில் அது பத்து சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நடக்கும் வேதி மாற்றங்களே சரக்கின் தரத்தைத் தீர்மானிக்கின்றன.

தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமையின் மானாவாரிக் காடுகளில் விளையும் நிலாவரை இதற்குச் சிறந்த சான்று. வியாபாரிகள் அதைச் சென்னா இலை என்பார்கள். மலச்சிக்கலுக்கு உலகம் முழுவதும் போகும் இந்த இலை, திருநெல்வேலியின் பெயரைத் தாங்கியே மேல்நாட்டு மருந்துநூல்களில் இடம்பெற்றது. அதன் வேலையைச் செய்பவை சென்னோசைடு ஏ, பி என்னும் பொருள்கள். செடியில் நிற்கும் பச்சை இலையில் இவை ஏறக்குறைய இல்லை என்பதுதான் வியப்பு. அங்கே இருப்பவை இவற்றின் முன்னோடிகளான ஒற்றை மூலக்கூறுகள். இலை மெல்ல உலரும்போது நொதிகள் அவற்றை இரண்டிரண்டாக இணைத்துச் சென்னோசைடு ஆக்குகின்றன. அதற்கு 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் ஒத்துவரும். சூடு எல்லை மீறினால் நொதி செயலிழக்கும், இணைப்பும் நின்றுபோகும். பறித்த கையோடு இலையை உறையவைத்து உலர்த்தினால், கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம் கிடைக்கும், சென்னோசைடு கிடைக்காது. காய்கறிக்கும் பழத்துக்கும் உயர்ந்ததென்று போற்றப்படும் அந்த விலையேறிய முறை இந்த இலையிடம் தோற்றுவிடுகிறது. காற்றோட்டமான கொட்டகையில் மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது கிளறி, ஏழு முதல் பத்து நாள் வரை பொறுத்திருந்து, மஞ்சள் ஓடிய பச்சையில் அள்ளும் தெற்கத்தி முறை ஜெயிக்கிறது. ஐரோப்பிய மருந்துநூல் பல்லாண்டுகளாக இந்த இலையிடம் கேட்டு வந்த 2.5 சதவீத வீரியம், செடியோடு சேர்த்து அந்தக் கொட்டகையும் விளைவித்தது.

இதைக் கண்டு எல்லா இலைக்கும் மெதுவே நன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதய நோய்க்குப் பயன்பட்ட டிஜிட்டாலிஸ் இலைக்கு நியாயம் நேர்மாறு. அதிலுள்ள கிளைக்கோசைடுகளை இலையின் சொந்த நொதிகளே வெட்டிச் சிதைக்கும். எனவே பறித்த சூட்டோடு 60 டிகிரியைத் தாண்டாத வெப்பத்தில் விரைவாக உலர்த்தி, நொதிக்கு வேலை செய்ய ஈரமே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று மருந்துநூல்கள் வகுத்தன. இந்த இலையை மருத்துவ உலகுக்கு முறையாக அறிமுகப்படுத்திய ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் எழுதிய நூலில் உலர்த்தும் முறைக்கும் இடம் ஒதுக்கினார். காம்பையும் நடுநரம்பையும் நீக்க வேண்டும், வெயிலிலோ நெருப்பின் முன் தகரத் தட்டிலோ உலர்த்தலாம், கருகவிடக் கூடாது என்பது அவர் விதி. நன்றாகக் காய்ந்த இலை பச்சை இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்கும் என்று அளவும் கொடுத்தார். சற்று மிஞ்சினால் உயிர் போகும் மருந்து அது. உலர்ந்த அளவு தெரியாமல் கொடுக்கும் அளவை வகுக்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

துளசிக்கும் புதினாவுக்கும் நிழல் வேண்டுமென்பதற்குக் காரணம் வேறு. அவற்றின் மணத்தைலம் இலையின் மேற்பரப்பில் நிற்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில் தங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் அவை வறண்டு வெடித்து, துளசியின் யூஜினாலும் புதினாவின் மென்தாலும் காற்றில் கலந்துவிடும். இத்தகைய இலைகளை 40 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. உலர்த்தும் கொட்டகை கமகமவென்று மணந்தால் மகிழ வேண்டாம். மூட்டையில் இருக்க வேண்டியது வெளியே போய்க்கொண்டிருக்கிறது. முருங்கை இலைக்கு வெயில் செய்யும் கேடு பீட்டா கரோட்டினில் தெரியும். அதன் வைட்டமின் சி-யோ வெயிலில் காயவைத்தாலும் நிழலில் காயவைத்தாலும் பெரும்பாலும் போய்விடும். அதற்காகவாவது பச்சைக் கீரையாகச் சமைப்பதே மேல். கற்பூரவல்லி போன்ற சதைப்பற்றுள்ள இலையை உலர்த்துவதே வீண்பாடு. நீர் வடிவதற்குள் கறுத்துவிடும். அதைச் சாறாகப் பிழிந்தே பயன்படுத்திய நம் வீட்டுப் பெரியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

வெயில் எப்போதும் பகையா என்றால், இல்லை. மலேரியாவுக்கு மருந்தான ஆர்ட்டிமிசினினைத் தரும் ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியில், முன்னோடி அமிலம் ஒன்று ஒளியாலும் ஆக்சிஜனாலும் நொதியின் துணையின்றியே ஆர்ட்டிமிசினினாக மாறுகிறது. உலர்த்தும் நாட்களிலும் அந்த மாற்றம் தொடர்கிறது. இந்த மருந்தைக் கண்டறிந்ததற்காகத் து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். ஆக, நிழல் என்பது பொதுவிதி. செடி தோறும் விலக்கு உண்டு.

சரியாக உலராத இலை எதுவரை போகும் என்பதை 1920களில் கனடாவும் அமெரிக்காவின் வட மாநிலங்களும் கண்டன. இனிப்புக் குளோவர் என்ற தீவனத் தழையை ஈரத்தோடு அடுக்கி வைத்தவர்களின் மாடுகள் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. பூஞ்சை பிடித்த தழைதான் காரணம் என்று கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு நிறுவினார். தழையில் இயல்பாக உள்ள கூமரினைப் பூஞ்சை டைகூமரால் ஆக்கியிருந்தது. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் 1939இல் அதைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்து, பின்னர் மனிதருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தானது. ஒரு மருந்து கிடைத்தது உண்மைதான். அதற்கு முன் எத்தனை குடியானவர்கள் தொழுவத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள்! நம் ஊரில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாதி காய்ந்த இலையைக் கோணியில் கட்டுகிறவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மேலே மொறுமொறுவென்று இருந்து உள்ளே ஈரம் நிற்பதுதான் பெரிய ஏமாற்று. அதிகச் சூட்டில் அவசரமாகக் காயவைத்தால் தோல் முதலில் இறுகி, நடுநரம்பின் நீரைச் சிறைவைத்துவிடும். பழகிய கைகள் இலையின் தகட்டை நொறுக்கிப் பார்த்து நிறுத்துவதில்லை. நரம்பை ஒடித்துப் பார்க்கும். வளைந்தால் இன்னொரு நாள், சட்டென்று முறிந்தால் மூட்டை.

தார்ச்சாலையில் இலையைப் பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. களம் கட்டித் தராதவர்கள் மேல் அதைவிட அதிகம். சாலையில் காய்ந்ததை மறைக்க முடியாது. ஆய்வகத்தில் இலையை எரித்து, சாம்பலை அமிலத்தில் இடுவார்கள். இலையின் தாதுக்கள் பெரும்பாலும் கரையும், மணல் கரையாது. நிலாவரை இலைக்கு அந்தக் கரையாத சாம்பல் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாங்குபவர் சரக்கைத் திருப்பி அனுப்பலாம்.

இவ்வளவும் தெரிந்தும் உலர்த்தல் ஏன் சீர்ப்படவில்லை? எடைக்கு விலை கொடுப்பதால். எட்டு சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நிற்கும் இலையில் உலர்பொருள் 920 கிலோ. அதே இலையைப் பதினான்கு சதவீத ஈரத்தில் நிறுத்தினால் தராசு கிட்டத்தட்ட 1,070 கிலோ காட்டும். நாள் முழுக்கக் கிளறி, மேகம் கண்டால் ஓடிவந்து அள்ளி, நரம்பு முறியும்வரை காத்த குடும்பம் 70 கிலோவுக்கான பணத்தை இழக்கிறது. அவசரக்காரர் அதைச் சம்பாதிக்கிறார். இந்தக் கணக்கை மாற்றாமல் உழவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது அநியாயம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரமானியை வைத்து, 17 சதவீதம் என்று வரம்பு சொல்லி நெல் வாங்குகிறோம். மூலிகை வாங்கும் இடத்திலும் ஒரு ஈரமானி இருக்கட்டும். ஈரத்தைக் கழித்து உலர்பொருளுக்கு விலை போடட்டும். எந்தத் தேதியில் பறித்தது, எங்கே எத்தனை நாள் உலர்ந்தது என்று மூட்டையின் சீட்டில் எழுதட்டும். நிலாவரையைப் பொறுத்தவரை சென்னோசைடு அளவுக்கேற்ப விலையை உயர்த்தித் தரவும் வழி உண்டு. ஏற்றுமதியாளர் எப்படியும் அந்தச் சோதனையைச் செய்தே தீர வேண்டும். முடிவின் நகலை, இலையைக் கிளறிய பெண்களுக்கும் காட்டலாம்.