மூன்றாவது துப்பாக்கி: ஒரு முறைசார் விசாரணை

2019 டிசம்பர் 14ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்தம், இந்தியக் குடிமகன் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. முதலில் வந்த மசோதா ஒன்றுக்குத்தான் இடம் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பவே இரண்டில் வந்து நின்றது. மூன்று வைத்திருப்பவர் அவற்றில் ‘ஏதேனும் இரண்டை’ வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அத்தோடு சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. குழல் நீளத்தையும் தோட்டா விட்டத்தையும் அளந்து அளந்து பேசுகிற சட்டம், எந்த இரண்டு என்பதற்கு மட்டும் ஒரு அளவுகோலும் தரவில்லை. நியாயமாகப் பார்த்தால் தத்துவத் துறைக்குப் போயிருக்க வேண்டிய கேள்வியை வீட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிட்டது. இந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் பணி. இதன் துணிபு வருமாறு: துப்பாக்கியின் பயன் கூடக்கூட அது வீட்டில் தங்கும் வாய்ப்பு குறைகிறது; எதற்கும் உதவாத துப்பாக்கியை எந்தச் சட்டத்தாலும் வெளியேற்ற முடியாது.

முதலில் ஆய்வுக்களம். 2016 இறுதியில் உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி நாட்டில் 33.69 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்தன. அவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம்தான். ஆகவே களம் கங்கைச் சமவெளி. காவிரிக்கரை வாசகர் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அங்கே மூன்று துப்பாக்கி உள்ள வீட்டுக்கு ஒரு மாதிரி வடிவம் சொல்லலாம்: தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல், இஷாப்பூரில் செய்த .315 ரைபிள், கான்பூரில் செய்த .32 ரிவால்வர். ராணுவமும் போலீசும் புழங்கும் .303, 9 மி.மீ. போன்றவை சாமானியருக்குத் தடை என்பதால்தான் இந்த விநோத எண்கள். நிபுணர்கள் துப்பாக்கிகளைத் தோட்டா விட்டத்தால் வகைப்படுத்துகிறார்கள். வீட்டுக்காரர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்பதால், அவை குடியிருக்கும் இடத்தை வைத்து முறையே சுவர்த் துப்பாக்கி, பீரோத் துப்பாக்கி, இடுப்புத் துப்பாக்கி என்று இங்கே பிரிக்கிறேன்.

பீரோவில் கிடப்பது ரைபிள். தொலைவு, துல்லியம், வலு என எதில் பார்த்தாலும் மூன்றில் இதுவே முந்தும். பழைய லீ-என்ஃபீல்டு பொறியமைப்பின் மேல் கட்டிய சாமான். சுலபத்தில் மக்கர் பண்ணாது. தொழிற்சாலை இதற்கு இட்ட பெயர் ‘ஸ்போர்ட்டிங் ரைபிள்’. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நெருக்கியது. 1991 திருத்தம் உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டது. ஸ்போர்ட் போய்விட்டது, ரைபிள் நிற்கிறது. கல்யாணத்துக்கு எடுத்துப் போகவும் தோது இல்லை. தோளில் மாட்டினால் மாப்பிள்ளை வீட்டார் இவரை பேங்க் வாட்ச்மேன் என்று நினைத்துவிடக்கூடும். எனவே ரசகற்பூர உருண்டைகளோடு பட்டுப்புடவைக்குப் பின்னால் நிற்கிறது. மூன்றில் ஒன்று போக வேண்டும் என்றதும் குடும்பம் கலந்து பேசாமலே இதைத்தான் கைகாட்டும். சுடுவதற்கென்றே பிறந்ததுதான் முதல் பலி.

இடுப்புத் துப்பாக்கியின் கதை வேறு. .32 ரிவால்வரின் தோட்டா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. ஒரு பெரிய அறையின் நீளத்துக்கு மேல் அதை நம்பக் கூடாது. வாங்கும்போது விண்ணப்பத்தில் ‘தற்காப்பு’ என்று எழுதப்படுகிறது. இந்தத் தற்காப்பைச் சோதித்துப் பார்க்க நம் குடியரசே ஒரு பரிசோதனையை நடத்தித் தருகிறது. தேர்தல் அறிவித்ததும் பல மாவட்டங்களில் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிவு வந்தபின்தான் திரும்பக் கிடைக்கும். அதாவது ஊரில் அடிதடிக்கு வாய்ப்பு அதிகம் என்று அரசே கருதும் வாரங்களில் தற்காப்பாளர் வெறும் இடுப்போடு திரிகிறார். திரிந்துவிட்டு, வாக்கு எண்ணி முடிந்ததும் ரசீதோடு முழுசாக வந்து வரிசையில் நிற்கிறார். வரிசையின் நீளமே என் சான்று. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற பழக்கம் ஒன்றாவது மிச்சமிருந்தது. அதே 2019 திருத்தம் அதற்கும் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று வைத்துவிட்டது. இனி சட்டைக்கு வெளியே தெரியும் புடைப்பு ஒன்றுதான் இடுப்புத் துப்பாக்கியின் பணி. அந்தப் பணியை அது குறைவின்றிச் செய்வதால் தங்கிவிடுகிறது.

சுவர்த் துப்பாக்கியைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. பிடியின் மேலுள்ள நெம்புகோலைப் பெருவிரலால் ஒதுக்கினால் குழல்கள் இரண்டும் முன்பக்கம் மடிந்து தொங்கும். அருகருகே இரண்டு வட்டங்கள், உள்ளே பழைய எண்ணெய் வாடை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இடக்குழலின் வாய் சற்று நெருக்கிச் செய்யப்பட்டிருப்பது வழக்கம். தள்ளி ஓடிவிட்ட பறவைக்கு அது. பக்கத்தகட்டில் நாயும் கௌதாரியும் செதுக்கி, பர்மிங்ஹாம் கம்பெனிப் பெயர் இருக்கும். மிச்சமிருக்கும் காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிக் குழலுக்குள் நுழையாது. ஆயுதங்களைப் பூட்டிப் பத்திரமாக வைக்கச் சொல்கின்றன 2016 ஆயுத விதிகள் என்பதால், ஒழுங்கான வீட்டில் இது சுவரில் தொங்குவதுகூட இல்லை. சுவரில் இருப்பது இதைப் பிடித்தபடி தாத்தா எடுத்துக்கொண்ட போட்டோ. துப்பாக்கியை விற்றால் போட்டோவுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும். ஆகவே இதை விற்கலாம் என்று பேச்செடுப்பவரே வீட்டில் இல்லை. குடகுக் கொடவர்கள், துப்பாக்கி ஒரு குடும்பச் சின்னம் என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டவர்கள்: கைல்போத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள், ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, சாவுக்கு இரண்டு. அவர்களுக்கு உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. 2019இல் அதைப் பத்தாண்டு நீட்டித்தார்கள்.

மறுப்புகளுக்கு வருகிறேன். மனிதர்கள் அவ்வளவு அசடுகளல்ல, நல்ல விலை போவதைத்தான் விற்பார்கள் என்பர் பொருளியலார். விலையைப் பார்த்தால் தாத்தாவின் பர்மிங்ஹாம் சரக்குதான் முதலில் போயிருக்க வேண்டும். 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதிலிருந்து வெளிநாட்டுப் பெயர் உள்ள எதற்கும் யானை விலைதான். விற்பதும் நினைத்தவுடன் ஆகாது. கடைக்கல்லாமல் தனியாளுக்கு விற்பதானால், வாங்குபவர் பெயர், விலாசத்தை எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்க வேண்டும். இதில் மூன்றாவது துப்பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆண்டுக் கெடு, அதுவும் ஊரடங்கு 2020. எல்லோரும் விற்க வரும் சந்தையில் பீரோச் சரக்கு என்ன விலை போகும் என்பதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை.

விவசாயிகள் தரப்பு மறுப்பு கனமானது. காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிப் போடும்போது 12 போர் துப்பாக்கி அலங்காரப் பொருளல்ல. கேரளத்தில் 2022இல் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்து, உரிமம் உள்ளவர்களை அழைக்க வழிசெய்தார்கள். மெய்தான். ஆனால் பன்றியோடு மல்லுக்கு நிற்பவரிடம் பெரும்பாலும் ஒரு துப்பாக்கிதான் இருக்கும். எதை விற்பது என்ற கேள்வியே அவருக்கு எழாது. போட்டியில் சுடுவோரையும் இங்கே சேர்க்க முடியாது. சர்வதேசப் பதக்கம் பெற்றவர்களுக்கு விலக்கு வரம்பை 2020 பிப்ரவரி அறிவிப்பில் 12 ஆக உயர்த்திவிட்டார்கள். பயன்படுத்துகிறவருக்குச் சட்டம் தாராளமாக இருப்பது என் துணிபை அசைக்கவில்லை. அதே அறிவிப்பு, அரும்பொருள் வகைச் சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமமே வேண்டாம், சுடுவதற்கும் கொண்டுபோவதற்கும் மட்டும் உரிமம் வேண்டும் என்றது. சுடாத துப்பாக்கி மேஜை நாற்காலிக் கணக்கு என்று அரசே கையெழுத்திட்ட பிறகு எனக்கு வேறு சாட்சி எதற்கு?

இனி இரட்டிப்பு. பிடித்த துப்பாக்கி ஒன்று இருந்தால் அதேபோல இன்னொன்றும் வாங்கி வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சிந்தனைப் பள்ளி. ஒன்று பழுதானால் மற்றது உதவும், உற்பத்தி நின்றாலும் கவலையில்லை என்பது வாதம். ப்யூ ஆய்வு மையம் 2017இல் கணக்கெடுத்தபோது அங்கே துப்பாக்கி வைத்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒன்றுக்கு மேல் வைத்திருந்தனர். 29 சதவீதத்தினரிடம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தன. இந்தியாவில் அது நடவாது என்பவர்கள் நம் குடும்ப அமைப்பை அறியாதவர்கள். அவர்கள் துப்பாக்கியை இரட்டிக்கிறார்கள். நாம் உரிமதாரரை இரட்டிக்கிறோம். உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டு இருந்தாலோ அதை வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க 2016 விதிகள் இடம் தருகின்றன. அப்பாவுக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு; மருமகளுக்கு 2014இல் பெண்களுக்கென்றே கான்பூரில் விட்ட அரைக்கிலோ ‘நிர்பீக்’ ரிவால்வர், அப்போதைய விலை சுமார் 1.2 லட்சம் ரூபாய். வரம்பு மூன்றாக இருந்தபோது ஒருவர் பெயரில் மூன்று இருந்த வீட்டில், வரம்பை இரண்டாக்கிய பிறகு மூவர் பெயரில் ஐந்து இருக்கச் சட்டத்தில் தடையில்லை. கலெக்டர் ஆபீஸ் மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வாரிசுரிமையாக வந்தாலும் இரண்டுக்கு மேல் கூடாது என்று திருத்தம் தனியாகவே சொல்கிறது. அப்பாவின் இரண்டு வந்து சேரும்போது மகனிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் நான்கில் இரண்டு போக வேண்டும். தவிர, வரம்பும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1959 ஆயுதச் சட்டத்தில் எண்ணிக்கை வரம்பு இல்லை. 24 ஆண்டு கழித்து 1983இல் மூன்று. அதிலிருந்து 36 ஆண்டில் இரண்டு. இடைவெளி பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூடுகிறது என்று கொண்டால் வரம்பு ஒன்றாகக் குறைவது 2067இல். இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு இழுப்பதா என்பவர்களுக்கு, இதைவிடக் குறைந்த சான்றில் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன என்பதே பதில். பீரோ அதற்குள் காலியாகியிருக்கும். போட்டி சுவருக்கும் இடுப்புக்கும்தான். என் கோட்பாட்டின்படி சுவர் வெல்ல வேண்டும். இடிப்பது ஒன்றுதான்: 2067இன் பேரன் நொய்டாவில் வாடகை ஃபிளாட்டில் இருப்பான், தாத்தா போட்டோவை மாட்ட ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார்.