பூங்காவுக்கு ஒரு மொய் நோட்டு

வாங்கப்பு, வாங்க. திண்ணையில ஏறி உக்காருங்க. செருப்பு அங்கிட்டே கெடக்கட்டும், நாய் தூக்காது, அதுக்கும் என் வயசாச்சு. "பூங்காவைக் காப்போம்"னு பேனர் அடிச்சு மாட்டியிருக்கீகளாமே. நானும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். பத்துக்கு எட்டு இருக்கும்போல. உங்க அத்தனை பேரு மூஞ்சியும் தெளிவாத் தெரியுது, பூங்காதான் தெரியல. ஓரத்துல கொஞ்சம் புல்லு போட்டிருந்தீக, அதுவும் ஏதோ வெளிநாட்டுப் புல்லு. சரி, அதை எங்க மாட்டுனீக? பூங்காவுக்குள்ள தண்ணியில்லாம தப்பிச்சு நிக்கிற ஒரே வேப்பமரத்துல, நாலு ஆணி அடிச்சு. மரத்தைக் காப்பாத்த வந்தவுக மரத்துலேயே ஆணி அடிச்சது நல்ல ஆரம்பம். மேல நடத்துங்க.

கையெழுத்துப் போடுறேன், ஓடிப் போயிட மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. "பூங்கா நிதியைக் குறைக்காதே"ன்னு எழுதியிருக்கீகளே, எந்த நிதி? எம்புட்டு இருந்துச்சு, எம்புட்டு ஆயிருச்சு? பாத்தீகளா, ஒருத்தன் இன்னொருத்தன் மூஞ்சியப் பாக்குறான். இருந்தது எவ்வளவுன்னு தெரியாம, கொறைஞ்சதைக் கேட்டு ஆபீசுக்குப் போனீகன்னா, நாற்காலி போட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாக. உங்களால அவுகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லேல்ல.

நம்ம பூங்கா எப்ப வந்துச்சு? 2016ல முதலமைச்சரா இருந்த ஜெயலலிதாம்மா சட்டசபையில அறிவிச்சாக. 500 ஊராட்சியில அம்மா பூங்கா, ஒண்ணுக்கு 20 லட்சம், ஆக 100 கோடி. கூடவே 500 உடற்பயிற்சிக் கூடம், ஒண்ணுக்கு 10 லட்சம். நம்ம ஊருக்கும் ஒண்ணு அடிச்சுச்சு. தெறப்பு விழாவுக்கு மைக்செட்டு, சால்வை, பிரியாணி. எனக்கும் ஒரு சால்வை போட்டாக, இப்ப அதைத்தான் மழைக்குத் தலையில போட்டுக்கிறேன்.

இன்னிக்குப் போய்ப் பாருங்க. கேட்டுல பூட்டு இல்ல, சங்கிலி மட்டும் தொங்குது. ரெண்டு ஊஞ்சல்ல ஒண்ணுக்குப் பலகை இல்ல, இன்னொண்ணுக்கு ஒரு பக்கத்துச் சங்கிலி இல்ல. பிள்ளைக அந்த ஒத்தச் சங்கிலியப் புடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி ஆடுதுக. சறுக்குப் பலகையில கீழ் நுனித் தகரம் பிஞ்சு நிமிந்து நிக்கிது, டவுசர் கிழியாம எறங்குறவன் அடுத்த எலெக்சன்ல தாராளமா நிக்கலாம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. தெறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. அது கிரானைட்டு. அதுக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்ல பாருங்க.

நிதிக் குறைப்புன்னா ஏதோ ஒரு அதிகாரி கத்திரிக்கோல எடுத்து வெட்டுனாருன்னு நெனைக்கிறீக. யாரும் வெட்டல. எழுதாம விட்டாக, அம்புட்டுத்தான். கட்டுறதுக்குத் திட்டம் வரும். தண்ணி ஊத்துறவன் கூலிக்குத் திட்டம் வராது, ஏன்னா கூலிக்குக் கல்வெட்டு வைக்க முடியாது. 15ஆவது நிதிக்குழுன்னு ஒண்ணு, 2021லேர்ந்து 2026 வரைக்கும் ஊராட்சிகளுக்கு மத்தியிலேர்ந்து பணம் வந்துச்சு. அதுல நூத்துக்கு 60 தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்டு வந்துச்சு. மிச்சம் 40 உங்க இஷ்டம்னாக. ஆனா அதுலயும் சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. ஆக, அந்தக் காசுல இன்னொரு ஊஞ்சல் வாங்கியிருக்கலாம், ஊஞ்சலுக்கு எண்ணெய் போடுறவனுக்கு மாசச் சம்பளம் குடுத்திருக்க முடியாது. நம்ம பூங்காவுல வேலை பாத்த பய கொஞ்ச நாள் கூலி வாங்குனான், அப்புறம் பாக்கி, அப்புறம் திருப்பூர். இப்ப அவன் பனியன் கம்பெனியில இருக்கான். உங்க பேனர்ல அவன் படத்தைப் போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் சந்தோசமா இருந்திருக்கும்.

அப்பக் கூலி எங்கேர்ந்து வரணும்? மாநில நிதிக்குழு மானியம், அது போக ஊராட்சியோட சொந்த வருமானம். வீட்டு வரி, தண்ணிக் காசு, தொழில் வரி. பேனர்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிறீகளே, உங்கள்ல எத்தனை வீட்டுல போன வருசத்து வீட்டு வரி ரசீது இருக்கு? ஏப்பா, எங்க எந்திரிக்கிற, தண்ணி உள்ளயே இருக்கு, உக்காரு. உங்கப்பன் கட்டலைன்னு எனக்கும் தெரியும். பஞ்சாயத்துப் பக்கம் நான் வராததுக்கும் அதே காரணம்தான்னு வச்சுக்கயேன்.

என் பேரன் போன்ல ஒரு சேதி வாசிச்சான். அமெரிக்காவுல கலிபோர்னியான்னு ஒரு மாநிலம். 2011ல அங்க கஜானாவுல காசில்லைன்னு சொல்லி, இருந்த 278 மாநிலப் பூங்காவுல 70ஐ மூடப் போறதா அறிவிச்சாக. மிச்சமாகப் போறது 2 கோடியே 20 லட்சம் டாலர். ஊர் சனம் பதறிப் போச்சு. சங்கம் வச்சு வசூல் பண்ணி, தாங்களே கக்கூஸ் கழுவி, கேட்டுல நின்னு டிக்கெட் குடுத்து, பல பூங்காவைக் காப்பாத்திட்டாக. நம்ம ஆளுகளா இருந்தா இந்த எடத்துலயே சால்வை போட்டு முடிச்சிருப்போம். 2012 சூலையில கணக்கைப் பாத்தா, அந்தத் துறைக்குள்ளயே கிட்டத்தட்ட 5 கோடியே 40 லட்சம் டாலர், வெளிய காட்டாம வருசக்கணக்கா உறங்கிக்கிட்டு கெடந்திருக்கு. துறைத் தலைவி ராஜினாமா பண்ணிட்டாக. கக்கூஸ் கழுவுனவுக என்ன பண்ணியிருப்பாகன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இதை ஏன் சொல்றேன்? கஜா புயல் அடிச்சுச்சே, 2018 நவம்பர் 16, மறக்க முடியுமா. தென்னையும் பலாவும் சாஞ்ச பெறகு அடுத்த வருசமே கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்துப் பசங்க கூடிக் குளத்தைத் தூர் வாருனாங்க. யாரையும் எதிர்பாக்கல. பெருமைதான், நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பழக்கத்துல ஒரு ஆபத்தும் இருக்கு. "அட, நீங்களே செய்றீகளே"ன்னு அதிகாரிக தட்டிக் குடுத்து, போட்டோவுக்கு நடுவுல நின்னுட்டு, அந்தக் கணக்கை மூடிட்டுப் போயிருவாக. உடம்ப வளைச்சு வேலை செய்யுங்க, வேணாங்கல. மம்பட்டிய எடுக்கிறதுக்கு முன்னாடி அவுக நோட்டைத் தெறக்கச் சொல்லுங்க.

லண்டன் பக்கத்துச் சேதியும் ஒண்ணு இருக்கு. அங்க பூங்காவைப் பராமரிக்கிறது கவுன்சிலுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்ல. அதனால காசு முடை வந்தா மொத அடி பூங்காவுக்குத்தான். தோட்டக்காரன் போயிருவான், புல்லு ஒசந்துரும், அப்புறம் "யாரும் வரதில்லையே"ம்பாக. மூணு லட்சம் பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு, பூங்காவைச் சட்டக் கடமையாக்குன்னு பாராளுமன்றக் குழுவுக்குக் குடுத்தாக. குழு எல்லாத்தையும் அக்கறையாக் கேட்டுட்டு, 2017ல அறிக்கை குடுத்துச்சு. நெலம மோசந்தான்னு ஒத்துக்கிச்சு, ஆனா சட்டக் கடமை ஆக்கணும்னு பரிந்துரை பண்ணல. மூணு லட்சத்துக்கே அந்தக் கதி. உங்க நோட்டுல இப்ப எத்தனை, இருநூறா? அதுல இந்த மூணும் ஒரே கையெழுத்தா இருக்கே, கொஞ்சம் சாச்சுப் போட்டிருக்கக் கூடாதா?

வெள்ளைக்காரன் கேட்டுக் கெடைக்காத சட்டம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி பாதுகாப்புன்னு 1959லயே தமிழ்நாட்டுல ஒரு சட்டம் போட்டு வச்சிருக்காக. புதுக்கோட்டையில இருக்கிற உங்க கூட்டாளிகள்ட்ட சொல்லுங்க. 2024 ஆகஸ்டுல நகராட்சி மாநகராட்சி ஆயிருச்சு, பக்கத்து ஊராட்சிக்காரங்க நூறு நாள் வேலை போயிரும், வரி ஏறிரும்னு ரோட்டுக்கு வந்தாக. வரி ஏறுறது ஏறட்டும், அதுல பூங்காவுக்கு எம்புட்டுன்னு கேக்கலாமுல்ல? அதே புதுக்கோட்டையில சேஷையா சாஸ்திரி திவானா இருந்த காலத்துல, 1878க்குப் பெறகு, தெருவை நேர் பண்ணி, பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் சீர் பண்ணி வச்சுட்டுப் போனாரு. அவரும் கஜானாவுல காசு கொட்டிக் கெடந்து செய்யல. அப்புறம் அந்த மனைப் பிரிவுக் கூத்து. 3,000 சதுர மீட்டருக்கு மேல மனை பிரிச்சா, பத்துல ஒரு பங்கைத் திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் குடுக்கணும். 10,000 வரைக்கும் எடத்துக்குப் பதில் காசாக் கட்ட வழியுண்டு, அதுக்கு மேலன்னா எடந்தான். வரைபடத்துல அது பச்சையாத்தான் இருக்கும். எடத்துல போய்ப் பாத்தா சில ஊருல மாட்டுக் கொட்டகை, சில ஊருல மாடி வீடு. தானப் பத்திர நகலை வாங்கி, சர்வேயரைக் கூட்டிட்டுப் போய் அளங்க. கோஷம் போட்டா ஆக்கிரமிச்சவன் மாடியில நின்னு வேடிக்கை பாப்பான். சங்கிலி புடிச்சு அளந்தாத்தான் எறங்கி வருவான்.

போராட்டம்னா நம்ம மாவட்டத்துக்குச் சொல்லித் தரணுமா? 1991ல அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தப்ப உங்கள்ல பாதிப் பேரு பொறக்கல. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். படிக்க வந்த பொம்பளைகளுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் குடுத்தாக. லேடீஸ் சைக்கிள் கடையில தீந்து போயி, ஆம்பளை சைக்கிள வாங்கிப் பார்ல பிள்ளைய உக்கார வச்சு ஓட்டுனாளுக. ஊருல எங்கள மாதிரி பெருசுக திண்ணையில உக்காந்து நக்கலடிச்சோம். 1992 மகளிர் தினத்துல ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல பொம்பளைக புதுக்கோட்டை ரோட்டுல மணி அடிச்சுக்கிட்டு வந்தாக பாருங்க, நக்கலடிச்சவன் எல்லாம் ஓரமா ஒதுங்கி வழி விட்டான். அவுக யாருக்கும் மனு எழுதல, ரோட்டை எடுத்துக்கிட்டாக. உங்க கூட்டத்துல ஒரு பொம்பளைப் பிள்ளையும் இல்லையே, ஏன்? பூங்காவுக்குச் சாயங்காலம் பிள்ளைகளத் தூக்கிட்டு வரப் போறவுக அவுகதானே? லைட்டு எரியலைன்னா வீட்டுல இருந்துக்க வேண்டியவுகளும் அவுகதான். ஆறு மணிக்கு அவுக நாப்பது பேரு பிள்ளைகளோட பாய் விரிச்சு உள்ள உக்காந்தாகன்னா, பூங்காவுக்கு யாரு வர்றான்னு ஒருத்தன் கேக்க முடியாது.

இப்ப நான் சொல்ற யோசனை. ஆடி ஆவணி வந்தா நம்ம பக்கம் மொய் விருந்து. ஆட்டுக்கறி, வரிசையா மேசை, பணம் எண்ணுற மெசினு, கம்ப்யூட்டர் ரசீது. கஜாவுக்குப் பெறகு கொஞ்சம் மெலிஞ்சு போச்சுன்னாலும், எவன் எனக்கு எம்புட்டு செஞ்சான், நான் எம்புட்டு திருப்பிச் செய்யணும்னு நோட்டைப் பாக்காமலே சொல்லாத வீடு இந்தப் பக்கத்துல உண்டா? ஐந்நூறு ரூவா கொறைச்சு எழுதுனா மூணு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை கெடையாது. அந்த ரோசத்தைக் கொஞ்சம் பஞ்சாயத்துப் பக்கம் திருப்பி விடுங்கன்றேன். பூங்காவுக்குன்னு ஒரு நோட்டு போடுங்க. ஒரு பக்கம் ஊர் செஞ்சது: வீட்டு வரி, ரசீது நம்பரோட. எதிர்ப் பக்கம் பஞ்சாயத்து செஞ்சது: மோட்டார் கரண்டு பில்லு, கூலி, பல்பு, பூட்டு, சங்கிலி. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூவா ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டா முப்பது நாளுக்குள்ள அந்தப் பக்கம் வந்தாகணும். எதிர்ப் பக்கம் வெறும் தாளா இருந்தா அப்படியே வெறும் தாளா ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில ஒட்டுங்க. டீக்கடைச் செவத்துல பசை போட்டு, ஆணி வேணாம்.

பஞ்சாயத்துக்குத் தலைவர் இல்லேம்பீக. ஆமா, 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டோம், 2025 சனவரியில பதவி முடிஞ்சு தனி அலுவலர் வந்தாக. யாரு நாற்காலியில உக்காந்தாலும் தீர்மான நோட்டு ஒண்ணுதான். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கும் போங்க, பழைய ராஜா அரண்மனைதானே, சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு. மனு நம்பர் குடுப்பாக, அதைப் பத்திரமா வச்சுக்கங்க. ஆனா வேலை நடக்குற எடம் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்னிக்கு மட்டும் உங்க கிரிக்கெட் டோர்னமென்டைத் தள்ளி வைங்க. "பூங்காவுக்கு ஒரு தோட்டக்காரர், மாசக் கூலி இம்புட்டு, சொந்த நிதியிலேர்ந்து"ன்னு ஒரே தீர்மானம், ஒரே வரி. அதுக்கு மேல ஒரு கோரிக்கையும் வைக்காதீக. பத்து வச்சா பத்தும் பரிசீலனைக்குப் போயிரும்.

ஒரு எச்சரிக்கை. சபைக்குப் போனதும் மொத வேலையா வருகைப் பதிவுன்னு நோட்டை நீட்டுவாக. நீங்க கையெழுத்துப் போட்டுட்டு மிச்சருக்கும் டீக்கும் கெளம்பிருவீக. மேல என்ன எழுதுறதுங்கிறது அதுக்குப் பெறகுதான் முடிவாகும். அதனால கடைசி வரைக்கும் உக்காருங்க. தீர்மானத்தை வாய் விட்டு வாசிக்கச் சொல்லுங்க, முடிச்சதும் கீழ கோடு போட்டு மூடச் சொல்லுங்க. செயலரு கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேம்பாரு, போன வாட்டியும் அதையேதான் சொன்னாரு. இந்தாங்க, என் கண்ணாடிய எடுத்துட்டுப் போங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பவருதான். எப்படித் தெரியும்னு கேக்காதீக, நானும் அந்த நாற்காலியில ஒரு காலத்துல உக்காந்தவன்தான்.