கொம்பனி மாறப் போற மருமோனுக்கு

மருமோன், நீ கரண்ட் கொம்பனி மாறப் போறாய் எண்டு மாமி சொன்னா. நல்ல காரியம். இரவிரவாப் போனை வைச்சு விலையளை ஒப்பிட்டுப் பார்த்தனியாம். சோதினைக்குக்கூட நீ இப்பிடிக் கண் முழிச்சதா எனக்கு ஞாபகம் இல்லை. கரண்டுக்கு ஒரு கொம்பனி, காஸுக்கு வேறை கொம்பனி, ரெண்டிலயும் மலிவு எண்டு முடிவெடுத்தனியாம். கெட்டிக்காரன். எல்லாரையும் கேட்டனி, படிக்குக் கீழ அலுமாரிக்குள்ள இருக்கிற மீற்றரை மட்டும் கேட்டனியோ?

சிரிக்காதை. அவர் ஸ்மார்ட் மீற்றர். அவருக்கும் ஒரு மனம் இருக்கு.

இந்த நாட்டுக்காரர் மூளைசாலியள் எண்டு நான் எப்பவும் சொல்லுறனான். ஐரோப்பாவில கனக்க இடங்களில கம்பியும் தூணும் வைச்சிருக்கிற விநியோகக் கொம்பனிதான் மீற்றரையும் பூட்டுறது. இத்தாலிக்காரர் 2001 இலயே அப்பிடித் தொடங்கினவை. ஆர் பில் அனுப்பினால் என்ன, மீற்றருக்குக் கவலையில்லை. பிரித்தானியாவில பெரிய ஆக்கள் கூடி யோசிச்சினம். அது லேசான வழி, அதால சரிவராது எண்டு போட்டு, பில் அனுப்பிறவனே மீற்றரையும் பூட்டட்டும் எண்டினம். சனம் நினைச்ச நேரம் கொம்பனி மாறிப் போட்டி வளர்க்கவேணும் எண்டதும் அதே ஆக்கள்தான். இந்த ரெண்டும் ஒரு மண்டைக்குள்ள சண்டை பிடிக்காமல் எப்பிடி இருந்தது எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான்.

முதல் தலைமுறை மீற்றருக்கு ஸ்மெற்ஸ் 1 எண்டு பேர். உள்ளுக்கு ஒரு சிம் கிடக்கும், உன்ர போனில கிடக்கிற சாதிதான். அந்த நேரம் அந்தச் சிம் பூட்டின கொம்பனியோடதான் கதைச்சுது. நீ மலிவு தேடி வேறை இடம் போனாய் எண்டால், புதுக் கொம்பனிக்கு அதோட கதைக்க வழி இருக்கேல்லை. மீற்றர் ஓடும், எண்ணும், ஆனால் வாய் திறக்காது. 2018 இல இந்த நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. இந்தச் சாதி மீற்றர் வைச்சிருக்கிற ஆக்கள் கொம்பனி மாறினால் 100 இல 70 அளவில ஊமையாப் போகுதாம். அந்த நேரமே 9 லட்சத்துக்கு மேல அப்பிடிக் கிடந்ததாம். மாறச் சொல்லி விளம்பரம், மாறினவனுக்குத் தண்டனை, சோம்பேறிக்குப் பரிசு. என்ர மீற்றர் கடைசி வரைக்கும் வடிவாக் கதைச்சுது, நான் ஒரு இடமும் போகாததால.

பிறகு புத்தி வந்தது. நடுவில ஒரு ஆளை வைச்சினம், டி.சி.சி. எண்டு. 2013 இல கப்பிற்றா கொம்பனியிட்ட அந்த உரிமத்தைக் குடுத்தவை. மீற்றர் எல்லாம் அந்த ஆளிட்டச் சொல்லும், அந்த ஆள் உன்ர கொம்பனிக்குச் சொல்லும். ஸ்மெற்ஸ் 2 மீற்றர் பிறக்கேக்கயே அந்த வலைக்குள்ள. பழைய ஊமையளையும் 2019 இல இருந்து தூர நிண்டபடியே உள்ளுக்கு இழுக்கத் தொடங்கினவை, கனக்க வாய் திறந்தும் விட்டுது. அப்ப பிரச்சினை முடிஞ்சுது எண்டு நீ எழும்பாதை, இரு, தேத்தண்ணி வருது.

அந்த ஆளிட்டப் போற வழியும் எல்லாருக்கும் ஒண்டில்லை. வட இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஆர்கிவா எண்ட கொம்பனியின்ர நெடுந்தூர ரேடியோவில கதைக்கும், மற்றப் பக்கம் கைத்தொலைபேசி வலையில. உன்ர வீடு எங்கை, சுவர் எவ்வளவு மொத்தம், மீற்றர் நிலவறைக்குள்ளயோ கிடக்கு, இதெல்லாம் விலைப் பட்டியலில வராது. 2023 கடைசியில அரசாங்கத்தின்ர கணக்கிலயே ஏறக்குறைய 40 லட்சம் மீற்றர் ஸ்மார்ட்டா வேலை செய்யேல்லை. எல்லாம் கொம்பனி மாறினதால வந்தது எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் மாறின அண்டைக்கு ஆரம்பிச்ச நோய் எண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம், கோயிலில தேர் அண்டைக்குப் போய்க் கேட்டுப் பார்.

இப்ப உன்ர அதி கெட்டித்தனத்துக்கு வருவம், கரண்டுக்கு ஒருத்தன் காஸுக்கு ஒருத்தன்.

கரண்ட் மீற்றரின்ர தலையில ஒரு சின்னப் பெட்டி குந்தியிருக்கும். அதுதான் ஹப். வெளியோட கதைக்கிறது அது ஒண்டுதான். காஸ் மீற்றருக்கு வயர் இல்லை, பற்றறியில சீவிக்குது. அதால அது எந்த நேரமும் முழிச்சிருக்காது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கண் முழிச்சு, தன்ர கணக்கை ஹப்பிட்டச் சொல்லிப்போட்டுத் திரும்பப் படுத்திடும். நல்ல சீவியம். ஆனால் காஸ்காரன் தன்ர றீடிங் எடுக்கிறதுக்கு கரண்ட் மீற்றரின்ர தலையில இருக்கிற பெட்டியைத்தான் நம்பவேணும்.

ஊரில பங்குக் கிணறு எண்டு ஒண்டு இருந்தது, நீ இஞ்ச பிறந்தனி, உனக்குத் தெரியாது. நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. அள்ளுறதுக்கு எல்லாருக்கும் உரிமை. துலா முறிஞ்சால் மட்டும் அது பக்கத்து வீட்டுக்காரன்ர முறை. உன்ர படிக்குக் கீழயும் அதுதான் நடக்கப் போகுது. காஸ் றீடிங் போகேல்லை எண்டு காஸ்காரனுக்கு அடிச்சால், 'மீற்றர் நல்லாத்தான் இருக்கு, ஹப்பில பிழை, கரண்ட் கொம்பனியோட கதையுங்கோ' எண்டுவான். கரண்ட்காரனுக்கு அடிச்சால், 'எங்களுக்கு ஒழுங்கா வருது, ஹப் நல்லாத்தான் இருக்கு, காஸ்காரனோட கதையுங்கோ' எண்டுவான். ரெண்டு பேரும் பொய் சொல்லுறாங்கள் எண்டு நினைக்காதை. ரெண்டு பேரும் உண்மைதான் சொல்லுறாங்கள், அதாலதான் வேலை நடக்காது. போனில காத்திருக்கேக்க அவங்கள் போட்டுவிடுற பாட்டு நல்ல பாட்டு, கேட்டுக்கொண்டு வெங்காயம் உரி. இந்தச் சிக்கல் வேண்டாமெண்டால் ரெண்டையும் ஒரு கொம்பனியிட்டக் குடு. ஆனால் நீ ரெண்டு பவுண் மிச்சம் பிடிக்கிற பிள்ளை, நான் ஏன் குறுக்க நிப்பான்.

குசினி மேசையில நிக்கிற அந்தச் சின்ன ஸ்கிறீன் இருக்கே, மாமிக்கு அதில பெரிய விருப்பம். பச்சை லைற் எரிஞ்சால் சிரிப்பா, சிவப்பு எரிஞ்சால் என்னைப் பார்ப்பா. கொம்பனி மாறின பிறகும் அது எரியும். பழைய கொம்பனியின்ர விலையைப் போட்டுப் புதுக் கரண்டுக்குக் கணக்குக் காட்டினாலும் காட்டும். பில் வேறை வரும், ஸ்கிறீன் வேறை சொல்லும். ரெண்டையும் பார்த்து எது உனக்குச் சந்தோசமோ அதை நம்பு. ஒரு விசயம் மட்டும் விளங்கிக்கொள்: ஸ்கிறீன் மீற்றரோட வீட்டுக்குள்ளதான் கதைக்குது. மீற்றர் கொம்பனியோட கதைக்கிறது வேறை வழி. ஸ்கிறீன் செத்துப்போனதால மீற்றர் செத்துப்போச்சு எண்டில்லை. ஸ்கிறீன் பளிச்செண்டு இருக்கிறதால கொம்பனிக்கு றீடிங் போகுது எண்டும் இல்லை. இந்த ரெண்டாவதைத்தான் சனம் விளங்குதில்லை. ஆறு மாதம் பச்சை லைற்றைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு இருப்பினம், கொம்பனி அந்த ஆறு மாதமும் மனதுக்குப் பட்டதை எழுதி மதிப்பீட்டு பில் அனுப்பிக்கொண்டு இருக்கும்.

இனிக் குனிஞ்சு நம்பர் பார்க்கத் தேவையில்லை எண்டுதானே இந்த மீற்றரைப் பூட்டினவை? நீ நிமிர்ந்தே நில். நான் குனிவன். மாறுற அண்டைக்குக் காலமை ரோச் லைற்றோட படிக்குக் கீழ போய், ரெண்டு மீற்றரையும் போனில படம் எடுத்து வைப்பன். 2022 இல இருந்து மாறுறது கெதி, 5 வேலை நாளில முடிஞ்சிடும், அதால திகதி தவற விடாதை. நம்பர் காட்டச் சொல்லி மீற்றரை அமத்துறதும் ஒரு வித்தைதான். சில மீற்றரில 9 ஐ அமத்தவேணும், சிலதில ஏ எண்ட எழுத்தை, சிலதில ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும், அதையே அமத்தி அமத்திப் பார். இரவு மலிவு, பகல் விலை எண்டு ரெண்டு கணக்கு ஓடுற வீடெண்டால் எது எந்த நம்பர் எண்டு எழுதி வை. புதுக் கொம்பனி பகலை இரவாக்கி எழுதினால் நீ பகல் முழுக்க இருட்டில இருந்தாலும் பில் குறையாது.

மீற்றரின்ர உடம்பில அடிச்சிருக்கிற தொடர் இலக்கத்தையும் பில்லில இருக்கிற இலக்கத்தையும் ஒருக்கால் ஒப்பிட்டுப் பார். அடுக்குமாடி வீடுகளில சில நேரம் உன்ர பேரில பக்கத்து வீட்டு மீற்றர் பதிஞ்சிருக்கும். அவன் குளிப்பான், நீ காசு கட்டுவாய். காஸ் மீற்றர் இன்னொரு பகிடி. பழசு கன அடிக் கணக்கு, நூறு நூறா எண்ணும். புதுசு கன மீற்றர். கன மீற்றரை கன அடி எண்டோ, கன அடியைக் கன மீற்றர் எண்டோ கொம்பனிப் புத்தகத்தில பிழையாப் பதிஞ்சால் பில் 2.83 மடங்கு ஏறும், இல்லாட்டி இறங்கும். ஏறினால் நீ அடிப்பாய், அவன் ஆறுதலா எடுப்பான். இறங்கினால் அவன் ஒரு நாள் கண்டுபிடிச்சு, உடனே எழுதுவான்.

நீ மாறாமல் இருந்தாலும் சில நேரம் உன்னை மாத்துவாங்கள். 2021 இலயும் 2022 இலயும் காஸ் விலை ஏறினதில ஏறக்குறைய 30 கொம்பனியள் படுத்திட்டுது. கொம்பனியளைக் கட்டுப்படுத்துற ஒஃப்ஜெம் அதுகளின்ர வாடிக்கையாளரைப் பிரிச்சு மற்றக் கொம்பனியளிட்டக் குடுத்தது. பல்ப் எண்ட பெரிய கொம்பனி 2021 நவம்பரில அரசாங்கத்தின்ர கையுக்குப் போய், 2022 டிசம்பரில ஒக்ரோபஸின்ர மடியில விழுந்தது. அந்த வாடிக்கையாளரின்ர மீற்றரிட்ட ஆரும் சம்மதம் கேட்டதா எனக்குத் தெரியாது.

பிறீப்பே மீற்றர் வைச்சிருக்கிற ஆக்களின்ர கதையைச் சொன்னால் நீ சிரிக்கமாட்டாய். மற்றவன்ர மீற்றர் ஊமையானால் பில் பிழைக்கும், இவையின்ர மீற்றர் ஊமையானால் காசு கட்டினாலும் அது மீற்றருக்குப் போய்ச் சேராது. அப்ப கடைக்காரன் தாற துண்டில 20 இலக்கம் இருக்கும், இருட்டில நிண்டு ஒவ்வொண்டாக் குத்தவேணும், ஒண்டு பிழைச்சால் முதலில இருந்து. ஆனால் பாக்கி வைச்சவன்ர மீற்றரைத் தூர இருந்து பிறீப்பேக்கு மாத்தேக்க மட்டும் சிக்னல் எப்பவும் நல்லா இருந்தது. 2023 பெப்ரவரியில பெரிய சத்தம் வந்த பிறகுதான், விருப்பமில்லாத ஆக்களைப் பிறீப்பேக்குத் தள்ளுறதை நிப்பாட்டச் சொல்லி ஒஃப்ஜெம் கொம்பனியளுக்குச் சொன்னது. பிறகு கட்டுப்பாடு வைச்சுத் திரும்பத் திறந்துவிட்டது, அது வேறை கதை.

சரி, மாறிப்போட்டாய், மீற்றர் கதைக்கேல்லை, ஒரு வருசம் கழிச்சுப் பெரிய பில் ஒண்டு வந்து நிக்குது. அதைக் கண்டு பயந்து கட்டிப்போடாதை. பிழை அவங்களின்ர எண்டால் 12 மாதத்துக்கு முந்தின கரண்டுக்கு அவங்கள் காசு கேக்கேலாது. 2018 இல இருந்து வீட்டுக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கு. நீ றீடிங் அனுப்பினனி எண்டதுக்குப் படம் இருந்தால் அவங்களால கதை மாத்தேலாது. போனில கதைக்கிறதை விட்டிட்டு எழுத்தில போடு. முறைப்பாடு எண்ட சொல்லைத் துணிவாப் போடு, சும்மா 'ஒரு சின்ன விசயம்' எண்டு தொடங்கினால் அது வெறும் விசாரிப்பு எண்டு பதிஞ்சு போகும். 8 கிழமையில தீரேல்லை எண்டால், இல்லாட்டி இனி எங்களால ஒண்டும் ஏலாது எண்டு எழுதித் தந்தால், எனர்ஜி ஒம்புட்ஸ்மன் எண்ட நடுவரிட்டப் போகலாம். சதம் செலவில்லை. அவர் சொல்லுறதை நீ ஏற்றுக்கொண்டால் கொம்பனி கேக்கத்தான் வேணும். பிடிக்கேல்லை எண்டால் நீ விடலாம், கொம்பனி விடேலாது. இந்தச் சீமையில எனக்குப் பிடிச்ச சட்டம் இது.

கடிதத்தை நல்ல இங்கிலீசில எழுது. காஸ்காரனுக்கு ஒண்டு, கரண்ட்காரனுக்கு ஒண்டு, ஒருத்தனுக்கு எழுதினதை மற்றவனுக்கும் படி அனுப்பு. கடைசியில 'உங்கள் உதவிக்கு மிக்க நன்றி' எண்டு போட்டு முடிக்காதை, அவங்கள் அந்த வரியை மட்டும்தான் வாசிப்பாங்கள்.