கட்டை மாஸ்டர்

துவக்குச் சங்கம் எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு ஒரு கட்டை மாஸ்டர் வாய்த்துவிடுவார். கண்டிக்கு வாய்த்தவர் கொடுத்துவைத்தவர். இங்கே மழையும் அவர் கட்சி.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் ரவையோடு வருவார்கள். இவர் உப்புத்தாளோடு வருவார். காதில் பென்சில், சட்டைப்பையில் அலன் கீ, நகக்கண்ணில் காய்ந்த எபொக்சி. கையிலிருப்பது உரிமம் பெற்ற பழைய பொயின்ட் டூ டூ புர்னோ துவக்கு, செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருந்த காலத்தது. வருஷா வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்கிறார். இலக்கம் அதேதான், இரும்பும் அதேதான். மரம் மட்டும், அதாவது தோளில் அணைக்கும் கட்டை மட்டும், நாலாம் தலைமுறை.

முதல் கட்டை கம்பனி கொடுத்த வால்நட். "கழுத்து மெல்லிசு" என்று கழற்றினார். இரண்டாவது தேக்கு, தூக்கிப் பிடிக்கத் துணைக்கு ஒருவர் வேண்டியிருந்தது. மூன்றாவது மஹோகனி, ஐப்பசி மழையில் ஒரு பக்கம் வளைந்தது. இப்போதிருப்பது பல அடுக்காக ஒட்டி அழுத்திய பலகை. கன்னம் வைக்கும் கட்டையை ஏற்றி இறக்க, பழைய தையல் மெஷின் ஒன்றின் திருகாணி. முதல் மூன்று கட்டைகளும் வீணாகவில்லை: ஒன்றில் திரைச்சீலை தொங்குகிறது, ஒன்றில் அவரைக்கொடி ஏறுகிறது, மற்றதைப் பற்றி மனைவியிடம் கேட்கக் கூடாது.

குறி தப்பினால் குற்றம் கட்டையில்தான் என்று அவர் சொல்வதைப் பொய்யென்று தள்ளவும் முடியாது. மரம் ஈரம் குடித்தால் உப்பும். உப்பிய மரம் குழலை முட்டும். வெடிக்கும்போது அதிர வேண்டிய குழல், முட்டிய இடத்தில் தடைபட்டு, ரவையை வேறு பக்கம் அனுப்பும். 50 மீற்றர் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். ஆகவே குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பது விதி. மாஸ்டர் அதற்கு ரூபா நோட்டு வைத்திருக்கிறார். முன்பு பத்து ரூபா நோட்டு. பத்து ரூபா குற்றிக்காசாக வந்தபின் இருபது. புதிய பிள்ளைகள் சுற்றி நின்றால் மட்டும் ஐயாயிரம்.

இரும்பை அசையாமல் உட்கார வைக்க, கட்டைக்குள் எபொக்சி ஊற்றுவார். அது இரும்பில் ஒட்டாதிருக்க முதலில் இரும்புக்குச் சப்பாத்து பொலிஷ் பூச வேண்டும். ஒருமுறை பூச மறந்தார். இரும்பும் மரமும் பிரிக்க முடியாத தம்பதியாகிவிட்டன. குளிரில் இரும்பு சுருங்கும் என்று வீட்டு டீப் ஃப்ரீசருக்குள் அவர்களை ஓரிரவு தேனிலவுக்கு அனுப்பினார். மீனெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. அன்று முதல் பொலிஷ் விஷயத்தில் அவர் வெகு தாராளம். "மகன்ட சப்பாத்துக்குப் பூச பொலிஷ் இல்ல, துவக்கு மட்டும் ஸ்கூலுக்குப் போற மாதிரி மினுங்குது" என்பது வீட்டம்மாவின் நிரந்தர வாக்குமூலம்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு எத்தனை பொயின்ட்?" என்று கேட்டால், "கட்டை இன்னும் செட் ஆகல தம்பி" என்பார். உலக சரித்திரம் முழுவதையும் அவர் கட்டையை வைத்தே விளக்குவார். 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் எயார் ரைபிள் ஜோடிப் போட்டியில் தங்கம் வென்றது எதனால்?

"கட்டை தோளுக்கு அளவா இருந்திருக்கு."

"பயிற்சி செஞ்சிருப்பாங்களே மாஸ்டர்?"

"அது எல்லாரும்தானே செய்றாங்க."

எல்லாரும் என்றால், அவரைத் தவிர.

இவ்வளவு செதுக்கிய துவக்கை ஏன் அதிகம் சுடுவதில்லை என்று ஒரு நாள் கேட்டே விட்டார்கள். அதற்கும் கண்டியே சாட்சி. 1765இல் ஒல்லாந்தர் இங்கிருந்து கொள்ளையடித்துப் போய், 2023 டிசம்பரில் நெதர்லாந்து திருப்பித் தந்த லெவ்கே திசாவையின் பீரங்கி இருக்கிறதல்லவா? தங்கம், வெள்ளி, மாணிக்கக் கல் எல்லாம் பதித்தது. "அத என்ன, வெடி வைக்கவா செஞ்சாங்க?" என்றார். கூட்டம் வாயை மூடிக்கொண்டது.

ஆனால் போட்டி என்று வந்தால் சுட்டுத்தானே ஆக வேண்டும்? திருகாணிகளை 5 நியூட்டன் மீற்றருக்கு முறுக்கி, நோட்டை மூன்று தரம் ஓட்டி, மாஸ்டர் குப்புறப் படுத்தார். ரவைகள் அட்டையின் நாலு திசைக்கும் தீர்த்த யாத்திரை போயின. பக்கத்தில் படுத்திருந்த பாடசாலைப் பிள்ளை ஒன்று, சங்கத்து இரவல் துவக்கால் பத்தும் ஒன்பதுமாக அடுக்கியது.

மாஸ்டர் எழுந்து போனார். "பிள்ள, ஒங்கட துவக்குல என்ன கட்டை?"

"தெரியாது சேர். கிளப்ல குடுத்தது. பின்னேரம் பின்னேரம் வந்து இதுலதான் சுடுவேன்."

பின்னேரம் பின்னேரம் என்றது அவர் காதில் விழவில்லை. இரவல் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் ஒரு வெடிப்பு. அதன்மேல் யாரோ கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள்.

"ஆ..." என்றார்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டரின் கட்டையிலும் அதே இடத்தில் கறுப்பு டேப். வெடிப்புத்தான் இல்லை. அதற்கு வேலை நடந்துகொண்டிருக்கிறதாம்.